பிள்ளைக்கு முதல் ஏர் ரைஃபிள்: 3 லட்சம் தேவையா? வாங்கும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வென்ற 6 பதக்கங்களில் 3 துப்பாக்கிச் சுடுதலில் வந்தவை. மனு பாக்கருக்கு ஒன்று, மனுவும் சரப்ஜோத் சிங்கும் சேர்ந்து ஒன்று, 50 மீட்டர் ரைஃபிளில் ஸ்வப்னில் குசாலேவுக்கு ஒன்று. இப்படி ஒரு பதக்கம் டிவியில் வந்துவிட்டால் போதும், பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "நானும் சுடணும்ப்பா" என்கிறது பிள்ளை. அப்பா மொபைலை எடுத்து விலையைத் தேடுகிறார். ஒரு பக்கம் 10 ஆயிரம் ரூபாய் ஏர் கன் வருகிறது, இன்னொரு பக்கம் 3 லட்சத்தைத் தாண்டும் ஜெர்மன் ரைஃபிள் வருகிறது. இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டிலும் அதே 4.5 மில்லிமீட்டர் பெல்லட்தான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பணத்தைக் கொட்டுபவர்கள் இரண்டு வகை. மலிவாகக் கிடைக்கிறது என்று தவறான துப்பாக்கியை வாங்கி, ஆறே மாதத்தில் பரணில் போடுபவர்கள் ஒரு வகை. கடன் வாங்கியாவது விலை உயர்ந்ததை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு பெல்லட்டுக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் திண்டாடுபவர்கள் இன்னொரு வகை.

10 மீட்டர் போட்டி என்றால் என்ன?

தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் வந்து நிற்பது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில்தான். அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும், ககன் நாரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வென்றதும் இதே பிரிவில்தான். நின்றுகொண்டே சுட வேண்டும். தகுதிச் சுற்றில் 60 ஷாட், 75 நிமிடம். இலக்கின் மொத்த அகலம் 45.5 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர், அதாவது பேனா முனையால் வைக்கும் ஒரு புள்ளி. தசமக் கணக்கில் ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9.

பாரிஸ் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிந்தால் எடுத்தது 631.5. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் எடுத்தது 630.7. ரமிதா 5-வது இடம் பிடித்து ஃபைனலுக்குப் போனார், இளவேனில் 10-வது இடத்தில் நின்றுவிட்டார். இருவருக்கும் இடையில் 0.8 புள்ளி. 60 ஷாட்டுக்குப் பிரித்தால் ஒரு ஷாட்டுக்கு வெறும் 0.013 சொச்சம்தான்.

இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்துத்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். "சாதா துப்பாக்கி வாங்கிக் கொடுத்தா பிள்ளை பின்தங்கிடுமோ?" பயம் நியாயமானதுதான். ஆனால் அது ஒலிம்பிக் மட்டத்துக்கான கணக்கு. இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். புதிதாகச் சுடும் பிள்ளையின் ஷாட் 7-லும் விழும், 8-லும் விழும், சில நேரம் வெள்ளைப் பகுதிக்கே போகும். அதாவது நடுப்புள்ளியிலிருந்து 5, 7 மில்லிமீட்டர், சில நேரம் அதைவிடவும் தள்ளி. போட்டிக்கென்றே செய்த ரைஃபிளை, அது 20 வருடப் பழசாக இருந்தாலும் சரி, அசையாமல் பிடித்து நல்ல பெல்லட் போட்டுச் சுட்டால், ஐந்து ஷாட்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில்தான் போகும். ஆக, முதல் இரண்டு வருடம் புள்ளி குறைவதற்குக் காரணம் துப்பாக்கி அல்ல. நிற்கும் விதம், மூச்சு, ட்ரிகரை இழுக்கும் விரல் இவைதான்.

10 ஆயிரம் ரூபாய் துப்பாக்கியில் என்ன பிரச்னை?

அப்படியானால் மலிவானதே போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மலிவு ஏர் கன்களில் பெரும்பாலானவை ஸ்பிரிங் வகை. குழலை மடக்கினால் உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங் அழுந்தும். ட்ரிகரை இழுத்ததும் அந்த ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளி, காற்றை அழுத்தி, பெல்லட்டை வெளியேற்றும். பெல்லட் குழலைத் தாண்டுவதற்கு முன்பே உள்ளே இவ்வளவும் நடப்பதால் துப்பாக்கி முன்னும் பின்னுமாக ஒரு உலுக்கு உலுக்கும். பழகாத கையில் அந்த உலுக்கலே குண்டைத் திசை மாற்றிவிடும். பிள்ளை சரியாகக் குறி பார்த்ததா, இல்லை துப்பாக்கிதான் அசைந்ததா என்று கோச்சுக்கே சொல்ல முடியாது. தவறு எங்கே என்று தெரியாமல் திருத்துவது எப்படி?

ட்ரிகரும் ஒரு காரணம். போட்டி ரைஃபிளில் 50, 100 கிராம் அழுத்தத்திலேயே ட்ரிகர் விழும். மலிவு ஏர் கன்னில் அது கிலோ கணக்கில் இருக்கும், 12 வயதுப் பிள்ளையின் விரல் மட்டுமல்ல, மணிக்கட்டே சேர்ந்து இழுக்கும்.

ஆன்லைன் விளம்பரங்களில் "1,000 அடி வேகம்" என்று பெரிதாகப் போடுவார்கள். இலக்குச் சுடுதலுக்கு அந்த வேகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒலிம்பிக்கில் பயன்படும் ரைஃபிளிலிருந்து பெல்லட் வெளியேறும் வேகம் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர், அடிக் கணக்கில் 560 சொச்சம்தான். 10 மீட்டர் தூரத்தில் தாளில் சுத்தமாக ஓட்டை போட அதுவே போதும். விளம்பரத்தில் கூடவே தொலைநோக்கி ஒன்றும் தருவார்கள். போட்டியில் அதற்கு அனுமதி கிடையாது. சின்னத் துளை வழியாகப் பார்க்கும் 'பீப் சைட்' மட்டும்தான். சில மாநிலப் போட்டிகளில் சாதாரணக் குறிமுனையுடன் சுடும் 'ஓபன் சைட்' பிரிவு இருக்கிறது. அதில் இறங்கிப் பார்க்க இந்தியத் தயாரிப்பு ஏர் ரைஃபிள் தாராளமாகப் போதும். ஆனால் ஒலிம்பிக் பாதை அதிலிருந்து நேராகப் போகாது, நடுவில் துப்பாக்கியை மாற்றியே ஆக வேண்டும். இதைத் தெரிந்தே வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

லைசன்ஸ் வேண்டுமா?

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் அதாவது 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசன்ஸ் தேவையில்லை. போட்டி ரைஃபிள் பெல்லட்டின் எடை அரை கிராம் சொச்சம். 170 மீட்டர் வேகத்தோடு கணக்குப் போட்டால் ஏழரை ஜூல் அளவில்தான் வரும், வரம்புக்கு வெகு கீழே. ஆனாலும் விற்பவர் அடையாள ஆவணமும் வயதுச் சான்றும் கேட்பார், கொடுக்கத்தான் வேண்டும். ரசீதை வாழ்நாள் முழுக்கப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. ரேஞ்சுக்குக் கொண்டு போகும்போது ரசீது நகலும் கிளப் உறுப்பினர் அட்டையும் பெட்டியிலேயே இருக்கட்டும். வழியில் போலீஸ் நிறுத்தினால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

குசாலே பதக்கம் வென்ற 50 மீட்டர் பிரிவு வேறு கதை. அது வெடிமருந்து தோட்டாவில் இயங்கும் பாயின்ட் 22 ரைஃபிள், அதற்கு லைசன்ஸ் கட்டாயம். தோட்டா விலையும் பெல்லட் விலையும் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. முதல் துப்பாக்கியாக யாரும் அதை நினைக்க வேண்டியதில்லை.

லைசன்ஸ் இல்லை என்பதால் பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. ஏழரை ஜூல் கண்ணைப் பறிக்கப் போதும். ஏர் கன்னால் பறவைகளும் சிறு விலங்குகளும் வேட்டையாடப்படுவதைத் தடுக்க அருணாசலப் பிரதேச அரசு 2021-ல் ஏர் கன்களைத் திருப்பி ஒப்படைக்கும் இயக்கமே நடத்தியது. மொட்டை மாடியில் நின்று காக்கா, அணில் என்று குறி பார்ப்பது விளையாட்டு அல்ல, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கே வரலாம்.

அப்போ எதைத்தான் வாங்குவது?

முதல் ஆறு மாதம் எதையும் வாங்காமல் இருப்பதுதான் நல்லது. சென்னை எழும்பூரில் இருக்கும் சென்னை ரைஃபிள் கிளப் தொடங்கி மதுரை, கோவை என்று ஊர் ஊருக்கு கிளப்களும் தனியார் அகாடமிகளும் இருக்கின்றன. பல இடங்களில் கிளப் துப்பாக்கியையே கட்டணத்துக்குத் தருவார்கள். சேர்க்கும் முன் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு உண்மையிலேயே இதில் விருப்பம் இருக்கிறதா, ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும் பொறுமை இருக்கிறதா என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். வலது கையா இடது கையா, எந்தக் கண் முதன்மைக் கண், உடல் வாகுக்கு எந்த அளவு ஸ்டாக் பொருந்தும் என்பதும் அப்போதுதான் கோச்சுக்குப் புரியும். இதெல்லாம் தெரியாமல் வாங்கிய துப்பாக்கி, அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி.

வாங்கும் நேரம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பொருத்தம். விதிப்படி ரைஃபிளின் எடை ஐந்தரை கிலோவைத் தாண்டக் கூடாது. ஆனால் 35 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாலரை கிலோவே பாரம். கை தாங்காததால் முதுகை வளைத்து, இடுப்பை முன்னால் தள்ளி நிற்கும். இந்தப் பழக்கம் படிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு, முதுகு வலி வேறு. பின்பக்கத் தகடும் கன்னம் வைக்கும் பகுதியும் ஏற்றி இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிள்ளை வளர வளர அதை மாற்றிக்கொள்ளலாம், துப்பாக்கியை மாற்ற வேண்டாம்.

இன்றைய போட்டி ரைஃபிள் எல்லாமே சிலிண்டரில் அழுத்திய காற்றில் இயங்குபவை. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஒரு முழுப் போட்டிக்குத் தாராளமாகப் போதும். சுடும்போது உலுக்கல் ஏறக்குறைய இருக்காது. ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டேயர் ஆகிய பெயர்கள்தான் ரேஞ்சுகளில் அதிகம் காதில் விழும். இவற்றின் உயர்ரக மாடல்களே 3 லட்சத்தைத் தாண்டுபவை. அதே நிறுவனங்களிடம் கிளப்களுக்கும் ஜூனியர்களுக்கும் என்று எளிய மாடல்களும் உண்டு. ஹேமர்லி ஏஆர் 20 மாதிரி, தொடங்குபவர்களை மனதில் வைத்தே செய்யப்பட்ட ரைஃபிளும் இருக்கிறது. உயர்ரகத்துக்கும் எளிய ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஸ்டாக்கை எத்தனை விதமாகத் திருகி அமைக்கலாம் என்பதிலும், ட்ரிகரின் நுணுக்கத்திலும்தான் இருக்கும். எளிய ரகத்தின் குழலும் 10 போடக்கூடிய குழல்தான். வீட்டில் ஒன்றரை லட்சம்தான் இருக்கிறது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செகண்ட் ஹேண்டில் ஏமாறாமல் இருக்க...

சிக்கனமாக யோசிப்பவர்களுக்கு உண்மையில் நல்ல வழி செகண்ட் ஹேண்ட்தான். மாநில, தேசிய அளவுக்குப் போனவர்கள் புது மாடலுக்கு மாறும்போது பழையதை விற்பார்கள். கார் மாதிரி ஓடி ஓடித் தேயும் பொருள் இல்லை இது. வாங்கும்போது முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை. சர்வதேச விதிப்படி சிலிண்டரின் ஆயுள் அதிகபட்சம் 10 வருடம். அந்தத் தேதி தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், பாதுகாப்பும் இல்லை. 9 வருடம் ஆன சிலிண்டருடன் ஒரு துப்பாக்கி "நல்ல விலைக்கு" வருகிறதென்றால், புதுச் சிலிண்டருக்கான பல ஆயிரத்தையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும். அந்த மாடலுக்குச் சிலிண்டர் இன்னும் கிடைக்கிறதா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

காற்றை நிரப்பி ஒரு இரவு வைத்துவிட்டு, காலையில் மீட்டரைப் பாருங்கள். அழுத்தம் இறங்கியிருந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். மேசையில் தாங்கி வைத்து 10 ஷாட் சுடச் சொல்லுங்கள். ஓட்டைகள் சிதறினால் வேண்டாம். பழைய உரிமையாளரின் ரசீதும், விற்றதாக எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளும் கட்டாயம். எல்லாவற்றையும் ஒரு கோச்சைக் கூட வைத்துக்கொண்டு செய்வது உத்தமம். ஆனால் கோச்சே விற்பவராக இருந்தால் இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் அந்தப் பழக்கமும் உண்டு.

சிலிண்டரே இல்லாத பழைய போட்டி ரைஃபிள்களும் சில கிளப்களில் கிடக்கின்றன. ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை மாதிரி, பக்கவாட்டு நெம்புகோலை ஒரே ஒரு முறை அழுத்தினால் போதும், அந்த ஷாட்டுக்கான காற்று தயார். 1980-களில் உலகப் போட்டிகளில் இருந்தவை. நிரப்பும் வசதி இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இன்றும் அருமையான துப்பாக்கி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நெம்புகோலை இழுக்கக் கொஞ்சம் தோள் பலம் வேண்டும், அவ்வளவுதான்.

காற்று நிரப்புவது எங்கே என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். ரேஞ்சில் கம்ப்ரசரோ பெரிய டேங்கோ இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் கைப் பம்பு வாங்க வேண்டும், 200 பாருக்கு அதை அடிப்பது லேசான வேலை அல்ல.

துப்பாக்கிக்கு அப்புறம்தான் செலவே...

கடையில் கொடுக்கும் தொகை முடிவு அல்ல. ஒரு நாளைக்கு 100 ஷாட், மாதம் 20 நாள் பயிற்சி என்றால் 2,000 பெல்லட். 500 பெல்லட் உள்ள டின் நாலு. ஒரு பெல்லட் 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 4,000 ரூபாய், வருடத்துக்கு 48 ஆயிரம். அதற்கு மேல் உடலை இறுக்கிப் பிடிக்கும் ஜாக்கெட், பேன்ட், தட்டை அடி ஷூ, கையுறை. இந்தியாவிலேயே தைத்தாலும் இந்த செட்டுக்குப் பல ஆயிரம் ஆகும், வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் சின்னதாகிவிடும். ரேஞ்சுக் கட்டணம், கோச் சம்பளம், போட்டிக்கான பயணம் எல்லாம் தனி. கையில் 3 லட்சம் இருக்கிறதென்றால் முழுவதையும் துப்பாக்கியில் போடுபவரைவிட, ஒன்றரை லட்சத்துக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் வாங்கி, மீதியை இரண்டு வருடப் பெல்லட்டுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குபவரின் பிள்ளைதான் அதிகம் சுடும்.

செலவே இல்லாத ஒரு பயிற்சியும் உண்டு. போட்டி ரைஃபிளில் காற்றும் பெல்லட்டும் இல்லாமல் ட்ரிகரை மட்டும் பழகும் வசதி இருக்கும். ஹாலில் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளியை ஒட்டிவிட்டு, தினம் அரை மணி நேரம் குறி பார்த்து இழுத்துப் பழகலாம். பெரிய வீரர்களும் இதைச் செய்கிறார்கள். ஸ்பிரிங் ஏர் கன்னில் இதைச் செய்தால் பிஸ்டன் அடிபட்டு சீல் கிழிந்துவிடும். 10 ஆயிரம் ரூபாய் துப்பாக்கி இந்த வகையில்தான் உண்மையில் விலை அதிகம்.

பெல்லட் ஈயத்தால் ஆனது. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளையைத் தின்ன விடாதீர்கள்.

உதவி யாருக்குக் கிடைக்கிறது?

அரசு உதவி இல்லாமல் இல்லை. ஆனால் அது வரும் நேரம்தான் பிரச்னை. தேசிய அளவில் பெயர் எடுத்த வீரர்களுக்கு இறக்குமதியில் சுங்க வரிச் சலுகை உண்டு. ஒலிம்பிக் வாய்ப்புள்ளவர்களுக்கு மத்திய அரசின் டாப்ஸ் திட்டம் இருக்கிறது. தமிழகத்தில் 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்குப் போட்டிச் செலவு, உபகரணம் போன்றவற்றுக்கு வீரர்கள் விண்ணப்பிக்கலாம். எல்லாமே ஏதோ ஒரு மட்டத்தில் சாதித்துக் காட்டியவர்களுக்கு. அந்த மட்டத்தை எட்டும்வரை, அதாவது முதல் மூன்று நான்கு வருடம், வரி உட்பட முழு விலையையும் சுமப்பது குடும்பம்தான். ஆட்டோ ஓட்டுபவரின் மகளுக்கும் டாக்டரின் மகளுக்கும் கை நடுக்கம் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் மாதம் 2,000 பெல்லட் சுடப்போவது ஒருவர்தான்.

ககன் நாரங்கின் அகாடமியில் பயிற்சி பெற்று வளர்ந்தவர்தான் இளவேனில். பாரிஸில் தவறவிட்டவர் 2025 ஆசிய சாம்பியன்ஷிப்பில் தனிநபர் தங்கம் வென்றார். துப்பாக்கியும் ரேஞ்சும் கோச்சும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவரே உதாரணம். ஒரு குடும்பம் 3 லட்சத்துக்கு வாங்கும் ரைஃபிளை ஒரு பிள்ளை தினம் ஒரு மணி நேரம் தொடும். அதே பணத்தில் ஒரு மாவட்ட ரேஞ்சுக்கு இரண்டு எளிய ரக ரைஃபிள் வாங்கி வைத்தால், காலையிலும் மாலையிலுமாக ஒரு டஜன் பிள்ளைகள் சுடலாம். பதக்கம் வென்றபின் கோடியில் பரிசு அறிவிக்கும் அரசுகள், அதில் ஒரு சின்னப் பங்கை ரேஞ்சுகளுக்குத் திருப்பினாலே முதல் துப்பாக்கி என்ற கேள்வி பல வீடுகளில் இரண்டு வருடம் தள்ளிப்போகும்.

அதுவரை, கிளப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர் கட்டண விவரத்தோடு மூன்று கேள்விகளையும் கேட்டு வரலாம்: பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற ரைஃபிள் எத்தனை இருக்கிறது, ஒரு ரைஃபிளை எத்தனை பேர் பகிர்கிறார்கள், சிலிண்டர்களின் தேதி என்ன. 10 வருடக் கெடு கிளப் துப்பாக்கிக்கும்தான்.